களிக்கு ஒரு நாள்

மாசி பதின்மூன்று, செவ்வாய்.
மண் இன்றைக்குப் பதம்.
நேற்று மிதித்தபோது
செருப்பைப் பிடுங்கித் தன்னோடு வைத்துக்கொண்டது.
நாளைக்கு மண்வெட்டி பட்டால் பொறி பறக்கும்.
தனங்கிளப்புக் களிக்கு
நடுவில் ஒரே ஒரு நாள்.

சாவகச்சேரித் தபாற்கந்தோருக்கு
லீவுக் கடிதம் எழுதினேன்.
காரணம் என்ற இடத்தில் சுகவீனம்.
யாருக்கு என்று எழுதவில்லை.

எட்டு மணிக்கு நிரோஜனின் லாண்ட்மாஸ்டர்.
"என்ன விதைக்கிறியள் அக்கா?"
சாமை. பயறு. கொஞ்சம் எள்ளு.
"ரெண்டு பரப்புக்குள்ள இவ்வளவுமோ? ஆருக்கு?"
கௌதாரிக்கு என்றேன்.
சரியாய்க் கேட்கவில்லை என்று நினைத்து
எஞ்சினை நிற்பாட்டினான்.

தையில் வெட்டுமெசினைக் கூப்பிட்டதும் நான்தான்.
மணிக்கணக்குக்குக் காசு.
முக்கால் மணித்தியாலத்தில் வயல்
வழித்த தலை.
பின்னால் வந்த இன்னொரு மெசின்
வைக்கோலையும் சுருட்டிக் கட்டிக்கொண்டு போனது.
அன்று பின்னேரம்
ஒரு கௌதாரியும் நான்கு குஞ்சுகளும்
வரம்பிலிருந்து வரம்புக்கு நடந்தன,
நின்றன, திரும்பி நடந்தன.
எனக்கு அது தெரியும்.
விலாசம் பிழைத்த கடிதங்களை
நாள்தோறும் ஒரு பெட்டிக்குள் போட்டு மூடுகிறவள் நான்.

மேற்கு வரம்பில் அமிர்தநாயகம் வந்து நின்றார்.
"மயிலுக்கு நீ சோறு வைச்சால்
அது கறிக்கு என்ர மிளகாய்க்குத்தான் வரும்."
பிழையாய் ஒன்றும் சொல்லவில்லை மனிசன்.
அவர் பக்கம் நாலு முழம் வெறுமையாய் விட்டேன்.

களியில் ஆழ விதைக்கக் கூடாது.
வீசிவிட்டு
இலந்தை முள்ளுக் கொப்பொன்றை இழுத்துக்கொண்டு நடந்தேன்,
பின்னுக்குப் பின்னுக்குப் பார்த்தபடி.

மானிய விதைக்குக் கமநல நிலையத்தில் படிவம்.
எதிர்பார்க்கும் விளைச்சல்:
துஷ்யந்தி பேனையைத் தூக்கி வைத்துக்கொண்டு
என் முகத்தைப் பார்த்தாள்.
"வெறுமையாய் விட ஏலாது."
பிறகு அவளாகவே ஒரு கோடு இழுத்தாள்.

பங்குனி நடுவில் ஆடுகள்.
பத்மாவதியின் இருபத்தாறும்.
கதியால் ஒன்று இற்றுப்போனது எனக்குத் தெரியாது.
தெரியும்.
சனிக்கிழமை பார்ப்போம் என்று இருந்தேன்.
வேலையால் வந்து பார்க்க
எள்ளு மட்டும் நின்றது.
ஆட்டுக்கும் வேண்டாத எள்ளு.
இருட்டுகிற நேரம் பத்மாவதி
ஒரு போத்தல் பாலோடு வந்தாள்.
பேசவென்று சேர்த்து வைத்திருந்த சொற்களை
தேத்தண்ணியோடு குடித்தேன்.

பிறகு களி வெடித்தது.
மணிக்கட்டு வரை கை போகும் வெடிப்பு.
கந்தோர்ப் பேனை ஒன்று விழுந்து
இன்னும் உள்ளேதான் கிடக்கிறது.

சித்திரை பதினொன்றில் மழை, இருபது நிமிடம்.
ஐந்தாம் நாள்
வயலில் பச்சைக் கோடுகள்.
விதைத்த இடத்தில் இல்லை,
வெடித்த இடத்தில்.
முளைக்காமல் கிடந்து
பிளவுக்குள் சறுக்கினவை,
ஆட்டு வாய்க்கு எட்டாதவை
களி உடைந்த வழியெல்லாம் சாமையாய் நின்றன.
கோணல் மாணல்,
ஒன்றில் இருந்து ஒன்று பிரிந்து
வரம்பு வரை ஓடுகிற கிறுக்கல்.
ஆரும் வாசிக்க முடியாத கையெழுத்தையெல்லாம்
கந்தோரில் என் மேசைக்குத்தான் அனுப்புவார்கள்.
இது எனக்குப் பிடிபடவில்லை.

"கௌதாரி வந்ததோ அக்கா?"
நிரோஜன் றோட்டில் நின்று கத்துகிறான்.
கண்ணால் காணவில்லை.
விடியப்புறத்தில் சத்தம் மட்டும் கேட்கிறது,
மேற்கே,
அமிர்தநாயகத்தின் மிளகாய்க்குள்.
அவர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

எள்ளடியில் முயல் புழுக்கை.
குந்தியிருந்து எண்ணினேன்.
ஒன்பது.